இருபது லட்சம் கேட்ட படமும் அம்மாவின் கணக்கு நோட்டும்: ஒரு நிதி வேண்டுகோளின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் மருத்துவமனையின் குழந்தைகள் புற்றுநோய் வார்டில் நடந்தது இது. வார்டில் இருக்கும் குடும்பங்களுக்குச் சாப்பாடு, தங்குமிடம், போக்குவரத்து என்று உதவும் சிறிய குழு எங்களுடையது. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர், ஊர் எதையும் குறிப்பிடவில்லை. தொகைகள் எல்லாம் தோராயமானவை.

குழந்தைக்கு ஏழு வயது, பெண். அப்பா மேஸ்திரி ஒருவரிடம் கட்டட வேலை செய்கிறார். அம்மா நூறு நாள் வேலைக்கும், சீசனில் வேர்க்கடலை பறிக்கவும் போவார். வட மாவட்டத்துக் கிராமம், சொந்தமாகக் கால் காணிகூட இல்லை.

மூன்று வாரமாக விட்டு விட்டுக் காய்ச்சல். கால் வலிக்கிறது என்று ராத்திரியில் அழுகை. பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம், முழங்காலுக்குக் கீழே சிவப்புப் புள்ளிகள். மருந்துக்கடை மாத்திரையில் நாள் போனது. அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார்கள். அங்கிருந்த மருத்துவர் ரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். நல்ல ஆலோசனைதான். ஆனால், "பிரைவேட்ல காட்டுங்க, சீக்கிரம் பார்ப்பாங்க" என்று உறவினர் ஒருவர் சொல்ல, குடும்பம் பக்கத்து நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்விட்டது.

அங்கே ரத்தம் ஏற்றி, எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் செய்து, ரத்தப் புற்றுநோய் என்று உறுதி செய்தார்கள். குழந்தைகளுக்கு மிக அதிகமாக வரும் வகை, லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா. அதற்குள் ஒன்றரை லட்சம் செலவாகிவிட்டது. அம்மாவின் சங்கிலியும் தோடும் அடகுக் கடைக்குப் போயின, மீதி வட்டிக்கு வாங்கியது. முழு வைத்தியத்துக்கு 15 லட்சத்திலிருந்து 20 லட்சம் வரை ஆகும் என்று யாரோ வாயால் சொன்னார்கள். எழுத்தில் எதுவும் தரவில்லை. குடும்பம் சென்னைக்குப் பஸ் ஏறியபோது கையில் இருந்தது அந்த வாய்ச்சொல் தொகை மட்டும்தான்.

முதல் வேண்டுகோள்

குழந்தை சென்னையில் சேர்க்கப்பட்ட அன்றே சித்தப்பா ஒரு படம் தயாரித்தார். ஆக்சிஜன் முகமூடியோடு கண்மூடிக் கிடக்கும் குழந்தை, மேலே சிவப்பு எழுத்தில் "20 லட்சம் தேவை", கீழே குழந்தையின் முழுப்பெயர், ஊர், அப்பாவின் இரண்டு செல்பேசி எண்கள், க்யூஆர் குறியீடு. தேதி இல்லை. மருத்துவமனைச் சான்று இல்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அண்ணன் மகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற பதற்றத்தில், தன் செல்பேசியில் இதுவரை பார்த்த எல்லா வேண்டுகோள்களையும் போலவே அவரும் செய்தார். 2021-ல் தண்டுவடத் தசைநார்ச் சிதைவு நோய்க்கான 16 கோடி ரூபாய் ஊசிக்காகத் தமிழ்நாடே பணம் அனுப்பியதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அன்றிலிருந்து, குழந்தைக்குப் பெரிய நோய் என்றால் பெரிய தொகை கேட்டால்தான் ஊர் திரும்பிப் பார்க்கும் என்று ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது.

பத்து நாளில் அப்பாவின் கணக்கில் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே சேர்ந்தது. பெரும்பாலும் 50, 100, 200 ரூபாய்கள். கூடவே அழைப்புகளும் வந்தன. உண்மையா என்று கேட்டவர்கள், வீடியோ அழைப்பில் குழந்தையைக் காட்டச் சொன்னவர்கள், மூலிகை மருந்து இருக்கிறது என்றவர்கள். வசூலாவதில் மூன்றில் ஒரு பங்கு தந்தால் கோடிக் கணக்கில் திரட்டித் தருகிறோம் என்று ஒருவர் நேரிலேயே வந்து நின்றார்.

வார்டில் நாங்கள் கண்டது

வார்டு சிஸ்டர்தான் எங்களைக் கூப்பிட்டார். "அப்பா ராத்திரியெல்லாம் படிக்கட்டுல உட்கார்ந்து போன் பேசறாரு. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது ஆள் இருக்க மாட்டேங்கறாரு. அந்தம்மா சாப்பிட்டாங்களான்னே தெரியல."

போய்ப் பார்த்தோம். அப்பாவின் இரண்டு எண்களும் விடாமல் அடித்துக்கொண்டிருந்தன. முன்பின் தெரியாத நூற்றுக்கணக்கான பேரிடமிருந்து சின்னச் சின்னத் தொகைகள் வந்துகொண்டிருந்ததால் வங்கி சந்தேகப்பட்டு, கணக்கை முடக்கி விளக்கம் கேட்டிருந்தது. எனவே வந்த பணத்தையும் எடுக்க முடியவில்லை. அம்மா காலையில் கேன்டீன் இட்லியில் இரண்டைக் குழந்தைக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவார், மதியம் யாராவது கொடுத்தால் உண்டு.

எங்களை அதிகம் உறுத்திய விஷயம் வேறு. குடும்பத்திடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் திட்டம், குழந்தைப் புற்றுநோய்க்கான கீமோதெரபியும் அதில் அடக்கம். இந்தக் குடும்பத்துக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. ஆனால் ரேஷன் அட்டை இன்னும் தாத்தா பெயரில் இருந்தது, குழந்தையின் பெயர் அதில் சேர்க்கப்படவே இல்லை. பள்ளியில் சேர்க்க ஆதார் போதுமாக இருந்ததால் ஏழு வருடமாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

மருத்துவரிடம் எழுத்தில் மதிப்பீடு கேட்டு வாங்கினோம். நோயின் அபாய அளவு நடுத்தரம், எலும்பு மஜ்ஜை மாற்று தேவையில்லை. முதல் எட்டு மாதம் தீவிரச் சிகிச்சை, அப்புறம் ஏறக்குறைய 22 மாதம் மாத்திரையும் மாதாந்திர ஊசியுமாகப் பராமரிப்புச் சிகிச்சை. மருந்துச் செலவில் பெரும்பகுதியைக் காப்பீடு பார்த்துக்கொள்ளும். சில பரிசோதனைகள், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்ந்தால் வரும் மிச்சம் ஆகியவை குடும்பத்தின் தலையில் விழும். 20 லட்சம் என்பது எங்கேயும் இல்லை.

காப்பீட்டில் வராதது எது? அம்மாவும் குழந்தையும் எட்டு மாதம் சென்னையில் தங்கும் வாடகை. வீட்டில் சமைத்த சோறு: தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் இறங்கியிருக்கும் குழந்தைக்கு வெளிச் சாப்பாடு ஆகாது. ரத்தப் பரிசோதனைக்குப் போய்வர ஆட்டோ, ஊருக்கும் சென்னைக்கும் பஸ், இரண்டு பேரும் இழக்கும் கூலி. குழந்தைப் புற்றுநோயில் சிகிச்சையைப் பாதியில் விடும் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தச் செலவுகளில்தான் உடைந்துபோகின்றன. உலக சுகாதார நிறுவனம் சொல்வதுபடி, பணக்கார நாடுகளில் புற்றுநோய் வந்த குழந்தைகளில் 80 சதவீதத்துக்கு மேல் குணமாகிறார்கள், ஏழை, நடுத்தர வருமான நாடுகள் பலவற்றில் 30 சதவீதத்துக்கும் குறைவு. சிகிச்சையைப் பாதியில் நிறுத்துவதும் அதற்கு அந்த நிறுவனம் சொல்லும் காரணங்களில் ஒன்று.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில், பழைய படத்தை நிறுத்துவது. சித்தப்பா தான் அனுப்பிய எல்லாக் குழுக்களிலும் "வேண்டுகோள் நிறுத்தப்படுகிறது, இனி பணம் அனுப்ப வேண்டாம்" என்று போட்டார். அவருக்கு இது கசந்தது. "வர்ற பணத்தை ஏன் சார் தடுக்கறீங்க?" என்று கேட்டார். இல்லாத 20 லட்சத்தைச் சொல்லி வாங்கினால், உண்மை தெரியும் நாளில் கெட்ட பெயர் குழந்தையின் அப்பாவுக்குத்தான் வரும் என்று விளக்கினோம். அரை மனதாகத்தான் ஒப்புக்கொண்டார்.

அடுத்தது காப்பீடு. அப்பாவை ஊருக்கு அனுப்பினோம். ரேஷன் அட்டையில் பெயர் சேர்ப்பு, கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு. அட்டை கைக்கு வரும்வரை மருத்துவமனையின் சமூகப் பணியாளர் கட்டணத்தைத் தள்ளிவைக்க ஏற்பாடு செய்தார். அப்பா படிக்கட்டிலிருந்து எழுந்து ஒரு வேலையாக அலையத் தொடங்கியதே அந்தக் குடும்பத்துக்குப் பெரிய தெம்பு.

மூன்றாவது, பணம் யார் கணக்கில் வருவது. எங்கள் அறக்கட்டளைக் கணக்கில் வாங்கினோம். கொடுப்பவருக்கு ரசீதும் நன்கொடைக்கான வருமான வரிச்சலுகையும் கிடைக்கும் (ரொக்கமாகக் கொடுத்தால் 2,000 ரூபாய் வரைதான் அந்தச் சலுகை, அதனால் வங்கி வழியாகவே கேட்டோம்). ரசீதில் "குழந்தைகள் சிகிச்சை உதவி நிதி" என்றே போட்டோம். இந்தக் குழந்தையின் தேவை முதலில், மீதமானால் அடுத்த குழந்தைக்கு என்பதை வேண்டுகோளின் முதல் பத்தியிலேயே எழுதினோம். மீதிப் பணத்தைப் பற்றிய பேச்சைப் பணம் வருவதற்கு முன்னால் பேசிவிட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பிறகு பேசினால் எதைச் சொன்னாலும் சாக்குப்போக்காகவே படும்.

நான்காவது, படம். இதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. குழந்தையின் முகம் இல்லாவிட்டால் பைசா வராது என்றார் மூத்த உறுப்பினர் ஒருவர், அவர் அனுபவத்தில் அது உண்மையும்கூட. ஆனால் இந்தக் குழந்தை பிழைத்துப் பள்ளிக்கூடம் போகப் போகிறவள். ஊர் முழுக்க அவள் முகம் நோயாளியின் முகமாகத் தங்கிவிடக் கூடாது என்றோம் மற்றவர்கள். கடைசியில் அம்மாவிடமே கேட்டோம். அவர் எட்டாவது வரை படித்தவர், செலவை எல்லாம் நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பார். "இதைப் போடுங்க சார், பாப்பா மூஞ்சி வேணாம்" என்று அந்த நோட்டை நீட்டினார்.

ஒரு பக்கத்தைப் படமெடுத்தோம். "பஸ் 2 பேர். ஆட்டோ 120. முட்டை 6. பால் அரை லிட்டர். முருங்கைக்கீரை 15. ரூம் வாடகை பாக்கி. பாப்பா ராத்திரி சோறு கேட்டா, கேஸ் தீந்துபோச்சு." கடைசி வரிக்குப் பின்னால் ஒரு காரணம் இருந்தது. முதல் கட்டச் சிகிச்சையில் கொடுக்கும் ஸ்டீராய்டு மருந்து அசுரப் பசியைக் கிளப்பும். கன்னம் உப்பிப்போன குழந்தை இரவு இரண்டு மணிக்கு எழுந்து, மீன் குழம்பு ஊற்றிச் சோறு வேண்டும் என்று அழும். அம்மா இருட்டில் எழுந்து குக்கர் வைப்பார்.

கேட்ட தொகை மாதம் 14,000 ரூபாய், எட்டு மாதத்துக்கு. வாடகை, மளிகை, கேஸ், போக்குவரத்து, ஒரு சிறு பகுதி அப்பாவின் கூலி இழப்புக்கு. மருத்துவமனை மதிப்பீட்டையும், காப்பீடு எவ்வளவு ஏற்கும் என்பதையும் அதே பக்கத்தில் சொன்னோம்.

புதிய வேண்டுகோளுக்குப் பிறகு

பணம் மெதுவாக வந்தது. முதல் மாதம் தேவையில் பாதிதான். மூத்த உறுப்பினர் சொன்னது சரி என்று தோன்றிய நாட்கள் அவை. இரண்டாம் மாதத்திலிருந்து நிலைமை மாறியது. ஒரே முறை கொடுத்தவர்களில் சிலர், "வாடகையை நான் மூணு மாசம் பார்த்துக்கறேன்", "மளிகை என் பொறுப்பு" என்று எடுத்துக்கொண்டார்கள். நோட்டின் பக்கம்தான் அதைச் செய்தது என்று நினைக்கிறேன். 20 லட்சத்துக்கு முன்னால் 200 ரூபாய் கொடுப்பவர் கூச்சப்படுகிறார், கேஸ் சிலிண்டருக்கு முன்னால் அவருக்குத் தன் பங்கு தெரிகிறது.

வெளிநாட்டுப் பணத்தில் ஒரு சிக்கல் வந்தது. அப்பாவின் ஊர்க்காரர்கள் இரண்டு பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். ஒருவர் அங்கே குடியுரிமை பெற்றுவிட்டவர், இன்னொருவர் இந்தியப் பாஸ்போர்ட்டில் வேலை பார்ப்பவர். இரண்டு பேருமே அனுப்ப முன்வந்தார்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதற்கான பதிவு இல்லாத அறக்கட்டளை வெளிநாட்டுக் குடிமகனிடம் பணம் வாங்கக் கூடாது, பிறந்த ஊர் எதுவானாலும். இந்தியக் குடிமகன் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்புவதற்குத் தடையில்லை. எங்களுக்கு அந்தப் பதிவு இல்லாததால் முதலாமவரின் பணத்தை மறுத்தோம். அவர் வருத்தப்பட்டார், காரணத்தை எழுதி அனுப்பியதும் புரிந்துகொண்டார். சிறு அறக்கட்டளைகள் தெரியாமல் காலை விடும் இடம் இது.

ஐந்தாவது வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளணுக்கள் அடியோடு இறங்கியிருந்த நேரம், தொற்று ரத்தத்தில் கலந்துவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்தார்கள், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் (பிளேட்லெட்) தொடர்ந்து தேவைப்பட்டன. அப்போது பணம் கேட்டு எதையும் பரப்பவில்லை, தட்டணு தானம் செய்ய ஆட்களைக் கேட்டோம். தட்டணுக்கள் சேமிப்பில் ஐந்து நாள்தான் தாங்கும் என்பதால், எல்லோரும் ஒரே நாளில் வந்து குவிந்தால் பயனில்லை. பொறியியல் கல்லூரி ஒன்றின் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் முறை போட்டுக்கொண்டு வந்தார்கள். அந்தச் செய்தியில் தேதி, நேரம், ரத்த வங்கியின் எண் மட்டும் இருந்தன, குழந்தையின் பெயர் இல்லை. தீவிர சிகிச்சைக்குக் காப்பீடு போக மீதி 70,000 ரூபாய் ஆனது. அதற்குத் தனியாக, ரசீதைக் காட்டிக் கேட்டோம். நான்கு நாளில் வந்துவிட்டது, அதோடு அந்த வேண்டுகோளை முடித்தோம்.

குழந்தை தேறினாள். மஜ்ஜைப் பரிசோதனையில் புற்றணுக்கள் தென்படவில்லை. எங்கள் பார்வையில் ஆபத்து தொடங்கியது அங்கேதான். "குணமாயிடுச்சே சார், ஊருக்குப் போயிடறோம்" என்றார் அப்பா. வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டுப் போயிருந்தார். மருத்துவர் அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார்: "கோரையை மேலோட அறுத்துட்டா வயல் சுத்தமாத்தான் தெரியும். கிழங்கு உள்ளே இருக்குல்ல?" அப்பாவுக்கு அது புரிந்தது. ஆனால் வட்டி அப்படியேதான் நின்றது.

வேண்டுகோள் பணத்தில் பழைய கடனை அடைப்பதில்லை என்று முன்பே முடிவு செய்திருந்தோம், கொடுத்தவர்களிடம் சொன்னதும் அதுதான். அதை மீறவில்லை. மாதாமாதம் கொடுத்தவர்களில் ஒருவர் கட்டட ஒப்பந்தக்காரர். விஷயத்தைச் சொன்னதும், சென்னையிலேயே தன் சைட்டில் அப்பாவுக்கு வேலை கொடுத்தார், சிகிச்சை நாட்களில் விடுப்போடு. அப்பா கூலியிலிருந்து வட்டி கட்டினார், குடும்பம் ஒன்றாக இருந்தது, பாதியில் போவது நின்றது. இந்த நிகழ்வில் குழந்தையைச் சிகிச்சையில் நிறுத்திவைத்த ஒரே காரியம் எது என்று கேட்டால், நான் இதைத்தான் சொல்வேன்.

பழைய படம் திரும்பி வந்தது

பத்தாவது மாதம். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவரின் செல்பேசியைக் குழந்தை எட்டிப் பார்த்திருக்கிறாள். "அம்மா, இது நான்தானே? ஏன் வேற பேரு போட்டிருக்கு?" முகமூடியோடு கிடக்கும் அதே படம். பெயரும் ஊரும் வேறு, தொகை 30 லட்சம், க்யூஆர் குறியீடு யாருடையதோ.

அன்று மாலையே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்து, இணையத்திலும் பதிவு செய்தோம். பழைய மதிப்பீடு, அசல் படம், குடும்பத்தின் ஆதாரங்கள் எல்லாம் கோப்பில் இருந்ததால் விளக்குவது எளிதாக இருந்தது. அந்தக் கணக்கு முடக்கப்பட்டது. படத்தை மட்டும் யாராலும் திரும்ப வாங்க முடியவில்லை, அவ்வப்போது இன்னும் வருகிறது. குழந்தை சில வாரம் தொப்பி இல்லாமல் வெளியே வர மறுத்தாள். முகம் போடலாமா என்ற விவாதம் எங்கள் குழுவில் அதோடு முடிந்தது. இனி முகம் போடுவதில்லை என்ற முடிவில், முகம் வேண்டும் என்ற மூத்த உறுப்பினரே முதலில் கையெழுத்திட்டார்.

விளைவு

இரண்டரை வருடச் சிகிச்சை முடிந்தது. குழந்தை இப்போது பள்ளிக்குப் போகிறாள், குறித்த இடைவெளியில் பரிசோதனைக்கு வருகிறாள். நோய் திரும்பாது என்று சொல்லும் காலம் இன்னும் வரவில்லை, மருத்துவர்கள் கண்காணிக்கிறார்கள்.

இரண்டாவது வேண்டுகோளில் மொத்தம் வந்தது 3,20,000 ரூபாய். எட்டு மாதத் தங்கும் செலவு 1,12,000, தீவிர சிகிச்சையின் மீதி 70,000, காப்பீட்டில் வராத பரிசோதனைகள் 30,000, பராமரிப்புக் காலத்தில் மாதம் 3,000 வீதம் போக்குவரத்தும் சாப்பாடும் 66,000. மீதி 42,000 ரூபாய், சொல்லியிருந்தபடி, அதே வார்டில் இன்னொரு குழந்தையின் வாடகைக்குப் போனது. கொடுத்த எல்லோருக்கும் இந்தக் கணக்கு ஒரே பக்கத்தில் போனது.

முதல் வேண்டுகோளில் வந்த பணத்துக்கு அப்படிக் கணக்குத் தர முடியவில்லை. வங்கி கணக்கைத் திறந்தபின் அதில் ஒரு பகுதி தனியார் மருத்துவமனைப் பாக்கிக்கும், ஒரு பகுதி வட்டிக்கும் போனதாக அப்பா சொன்னார். அதை நம்புகிறேன். 100 ரூபாய் அனுப்பிய முகம் தெரியாத ஆளுக்கு அது தெரிய வழியில்லை. அம்மாவின் தோடு மீட்கப்பட்டுவிட்டது. சங்கிலி ஏலத்தில் போய்விட்டது.

அதன்பின் மாற்றியவை

வார்டில் சேரும் முதல் நாளிலேயே ரேஷன் அட்டையையும் காப்பீட்டு அட்டையையும் பார்க்கிறோம், பணப் பேச்சு அதற்குப் பிறகுதான். எழுத்தில் மதிப்பீடு இல்லாமல் வேண்டுகோள் எழுதுவதில்லை. அப்பாவின் அல்லது அம்மாவின் கூலி இழப்பைப் பெயர் சொல்லித் தனி வரியாகக் கேட்கிறோம். இந்த நிகழ்வில் அதைச் சிறு பகுதியாக மட்டும் வைத்திருந்தோம், ஒப்பந்தக்காரர் ஒருவர் அமைந்தது தற்செயல். எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி ஒருவர் அமைய மாட்டார்.

குடும்பத்தின் செல்பேசி எண் எங்கேயும் போவதில்லை, அழைப்புகளை ஏற்க எங்கள் குழுவில் ஒருவர் இருக்கிறார். ஏற்கெனவே உறவினர்கள் ஏதாவது படம் பரப்பியிருந்தால், அசல் படத்தையும் பரப்பிய தேதியையும் அன்றே வாங்கிக் கோப்பில் வைக்கிறோம், பின்னால் புகார் செய்ய உதவும். ஒவ்வொரு வேண்டுகோளின் தலையிலும் தொடங்கிய தேதியும் முடியும் தேதியும் பெரிய எழுத்தில் இருக்கின்றன. தொகை சேர்ந்த அன்று "முடிந்தது" என்று குறுக்கே எழுதிய அதே பக்கத்தை, முதலில் யார் யாருக்கு அனுப்பினோமோ அவர்கள் எல்லாருக்கும் திரும்ப அனுப்புகிறோம்.